வீரருக்கு இரட்டிப்புச் சம்பளம்... இன்டர்னுக்கு? - மைனர் லீக் பேஸ்பாலின் மறுபக்கம்

ஒரு மைனர் லீக் பேஸ்பால் மைதானத்தில் யார் யார் வேலை பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள மழை வர வேண்டும். வானம் இருட்டியதும் பதினைந்து, இருபது பேர் களத்துக்குள் ஓடி வருவார்கள். 170 அடி நீளம், 170 அடி அகலம் கொண்ட தார்பாயை உருளையிலிருந்து இழுத்து, களத்தின் நடுப்பகுதியை மூடுவார்கள். காற்று உள்ளே புகுந்தால் தார்பாய் ஆளையே தூக்கும்.

அந்தக் கூட்டத்தில் மைதானப் பராமரிப்பு ஊழியர்கள் சிலர்தான். மற்றவர்கள்? காலையில் டிக்கெட் விற்க போன் பேசிக்கொண்டிருந்தவர், மதியம் குளிர்பானப் பெட்டி தூக்கியவர், மூன்றாவது இன்னிங்ஸ் முடிந்ததும் மாஸ்காட் வேஷத்தில் குழந்தைகளோடு ஆடியவர். பெரும்பாலும் இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்கள். பலர் ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் மாணவர்கள். வேலைப் பெயர்: இன்டர்ன்.

2023 மார்ச் மாதம் மைனர் லீக் வீரர்கள் தங்கள் வரலாற்றில் முதல் முறையாக ஒரு ஊதிய ஒப்பந்தம் போட்டார்கள். சம்பளம் ஒரே அடியில் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது. உலகம் முழுக்க விளையாட்டுப் பக்கங்களில் அது செய்தியானது. ஆனால் அதே மைதானத்தில் தார்பாய் இழுக்கும் இன்டர்னுக்கு அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. ஏன் இல்லை என்பதற்குள் போனால், 'பிடிச்ச துறையில வேலை' என்ற ஆசைக்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பது தெரியும்.

முதலில், மைனர் லீக் என்றால் என்ன?

இரண்டாம் டிவிஷன் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவின் பிரதான பேஸ்பால் லீக்கான எம்.எல்.பி-யில் 30 அணிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே ட்ரிபிள்-ஏ, டபுள்-ஏ, ஹை-ஏ, சிங்கிள்-ஏ என நான்கு படிகளில் நான்கு கிளை அணிகள். மொத்தம் 120. மைனர் லீக் அணி என்னதான் ஜெயித்தாலும் மேல் லீக்குக்குப் போகாது. மேலே போவது வீரர்கள் மட்டும்தான்.

ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்து 2014-ல் வெளியான 'மில்லியன் டாலர் ஆர்ம்' படம் பார்த்திருப்பீர்கள். அதன் நிஜ நாயகர்களான ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் 2008-ல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியோடு ஒப்பந்தம் செய்து போய்ச் சேர்ந்தது மைனர் லீக்கில்தான். இருவரும் எம்.எல்.பி-யில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. மைனர் லீக்கில் ஆடுபவர்களில் பெரும்பாலோருக்கு அதுதான் நிலைமை.

ஒரே மைதானம், இரண்டு முதலாளிகள்

இதைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் புரிந்துவிடும். மைனர் லீக் அணியின் வீரர்கள், பயிற்சியாளர்கள், பிசியோ எல்லோருக்கும் சம்பளம் தருவது மேலே உள்ள எம்.எல்.பி. அணி. யாரை ஆட வைப்பது, யாரை மேலே அனுப்புவது, யாரை வீட்டுக்கு அனுப்புவது எல்லாமே அவர்கள் முடிவு.

மைதானத்தின் வியாபாரம் மட்டும் உள்ளூர் முதலாளியுடையது. டிக்கெட், பீர், ஹாட் டாக், டி-ஷர்ட், சுற்றுச்சுவர் விளம்பரம், பார்க்கிங் என்று காசு வரும் வழியெல்லாம் அவர் கையில். ஒரு ஐபிஎல் அணி தன் இளம் வீரர்களை ஒரு சின்ன ஊரில் ஆட வைத்து சம்பளம் கொடுக்க, அந்த ஊர்க்காரர் ஒருவர் ஸ்டேடியம் நடத்தி டிக்கெட் விற்றால் எப்படி இருக்கும், அப்படி.

இன்டர்ன் வேலை பார்ப்பது இந்த இரண்டாவது முதலாளியிடம். நாளைய சூப்பர் ஸ்டாராகப் போகும் வீரருக்குப் பத்தடி தூரத்தில் நின்றாலும், அந்த வீரரின் நிறுவனத்துக்கும் இவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இது தெரியாமல்தான் பலர் விண்ணப்பிக்கிறார்கள்.

ஒரு நாள் எப்படி இருக்கும்?

2021 முதல் மைனர் லீக் அட்டவணை பெரும்பாலும் ஒரே மாதிரி: செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே எதிரணியுடன் ஒரே ஊரில் 6 ஆட்டங்கள், திங்கள் ஓய்வு. சொந்த ஊரில் ஆட்டம் நடக்கும் இந்தத் தொடரை 'ஹோம்ஸ்டாண்ட்' என்பார்கள். சீசனில் ஒரு ட்ரிபிள்-ஏ அணிக்கு 150 ஆட்டங்கள். அதில் பாதி சொந்த மைதானத்தில்.

ஹோம்ஸ்டாண்ட் வாரத்தில் இன்டர்ன் காலை 10 மணிக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டும். முதல் வேலை போன். தேவாலயம், பள்ளி, தொழிற்சாலை என்று உள்ளூர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு 'உங்க ஆபீஸ் குரூப்புக்கு 40 டிக்கெட் எடுத்துக்கிறீங்களா?' என்று கேட்க வேண்டும். பத்தில் ஒன்பது பேர் போனை வைத்துவிடுவார்கள். மதியத்துக்கு மேல் மைதான வேலை. ஸ்பான்சர் பேனர் கட்டுவது, பிக்னிக் பகுதியில் மேசை போடுவது, முதல் ஆயிரம் பேருக்குத் தரும் இலவச பொம்மைப் பெட்டிகளை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போவது.

மாலை வாசல் திறந்ததும் வேலையே வேறு. மைனர் லீக்கில் ரசிகர்களில் பெரும்பகுதிக்கு யார் ஜெயித்தார்கள் என்பது அடுத்த நாள் ஞாபகம் இருக்காது. அவர்கள் வருவது குடும்பத்தோடு மூன்று மணி நேரம் சிரிக்க. அதனால் ஒவ்வொரு இன்னிங்ஸ் இடைவெளியிலும் ஒரு கூத்து வேண்டும். மட்டையில் நெற்றியை வைத்துச் சுற்றிவிட்டுத் தள்ளாடி ஓடும் பந்தயம், கூட்டத்துக்குள் டி-ஷர்ட் வீசுவது, மாஸ்காட்டோடு ஒரு குழந்தை ஓட்டப் பந்தயம். இதையெல்லாம் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, ஒன்றரை, இரண்டு நிமிட இடைவெளிக்குள் நடத்தி முடிப்பது இன்டர்ன்.

இந்தக் கலாசாரத்தின் பெரிய பெயர் மைக் வீக். 1979-ல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளை வெடிக்க வைத்து, ரசிகர்கள் களத்துக்குள் புகுந்து கலவரமானதே, அந்த இரவுக்குக் காரணமானவர். பிற்பாடு மைனர் லீக்குக்கு வந்தார். செயின்ட் பால் செயின்ட்ஸ் அணியில் நடுவருக்குப் பந்து கொண்டுபோய்க் கொடுப்பது ஒரு பன்றிக்குட்டி. சார்ல்ஸ்டன் ரிவர்டாக்ஸ் அணியில் 2002 ஜூலை 8 அன்று அவர் நடத்தியது 'யாருமில்லா இரவு'. ஐந்தாவது இன்னிங்ஸ் வரை ரசிகர்களை உள்ளே விடாமல் வாசலைப் பூட்டிவைத்து, 'பார்வையாளர்கள்: 0' என்று கணக்கில் எழுதினார்கள். பூட்டிய வாசலுக்கு வெளியே கூட்டம் பார்ட்டி கொண்டாடியது. (ஆட்டத்தை எட்டிப் பார்க்க ஏணி வைத்தார்களாம். மார்க்கெட்டிங் வகுப்பில் இதைச் சொல்லித் தந்திருந்தால் நானும் கவனித்திருப்பேன்.)

ஆட்டம் இரவு 10 மணி வாக்கில் முடியும். வெள்ளிக்கிழமை என்றால் பட்டாசு. கூட்டம் கலைந்ததும் பணம் எண்ண வேண்டும், பேனர் அவிழ்க்க வேண்டும், சில அணிகளில் இருக்கை வரிசைகளில் கிடக்கும் வேர்க்கடலைத் தோலையும் கூட்டித் தள்ள வேண்டும். வீட்டுக்குப் போக நள்ளிரவு ஆகிவிடும். மறுநாள் காலை 10 மணிக்கு மறுபடியும் போன்.

சரி, சம்பளம்?

ஒரே பதில் இல்லை. சில அணிகள் மணிக்கணக்கில் தருகின்றன. சில அணிகள் மாதம் இவ்வளவு என்று ஒரு ஸ்டைபண்ட், அதோடு டிக்கெட் விற்றால் சின்ன கமிஷன். சில இடங்களில் பணமே கிடையாது, கல்லூரி கிரெடிட் மட்டும். அமெரிக்கக் கல்லூரிகளில் ஒவ்வொரு கிரெடிட்டுக்கும் கட்டணம் உண்டு என்பதை நினைவில் வையுங்கள். அதாவது கோடை முழுக்க வேலை பார்ப்பதற்கு மாணவர்தான் கல்லூரிக்குப் பணம் கட்டுகிறார்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்கு, மாதம் 1,000 டாலர் ஸ்டைபண்ட் என்று வைத்துக்கொள்வோம். ஹோம்ஸ்டாண்ட் வாரத்தில் நாளுக்கு 12 மணி நேரம், 6 நாள், ஆக 72 மணி நேரம். அணி வெளியூர் போகும் வாரத்தில் அலுவலக வேலை 40 மணி நேரம். நான்கு வாரத்தில் இரண்டு இப்படி, இரண்டு அப்படி என்றால் மொத்தம் 224 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு விழுவது நாலரை டாலருக்கும் குறைவு.

அமெரிக்காவின் தேசிய குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர். அதுவே 2009-க்குப் பிறகு ஏறவில்லை. அந்தக் குறைந்த கூலியும், வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு ஓவர்டைமும் சேர்த்தால் அதே 224 மணி நேரத்துக்கு 1,856 டாலர் வர வேண்டும். கையில் வருவது கிட்டத்தட்ட பாதி.

அப்போ இது சட்ட விரோதம்தானே? இங்கேதான் சிக்கல்.

சர்க்கஸுக்கான சட்டம்

அமெரிக்கத் தொழிலாளர் சட்டத்தின் அடிப்படை, 1938-ல் வந்த நியாயத் தொழில்தரச் சட்டம். குறைந்தபட்ச ஊதியமும் ஓவர்டைமும் அதில்தான் வருகின்றன. அந்தச் சட்டத்தில் 1960-களில் ஒரு விலக்கு சேர்க்கப்பட்டது. 'பருவகாலக் கேளிக்கை நிறுவனங்கள்' இந்த இரண்டையுமே தர வேண்டியதில்லை. கோடையில் மட்டும் திறக்கும் கேளிக்கைப் பூங்கா, திருவிழாக் கூடாரம், சர்க்கஸ் போன்ற இடங்களை மனதில் வைத்தது அது.

விலக்கு பெற இரண்டு வழிகள். ஒன்று, வருடத்தில் 7 மாதத்துக்கு மேல் இயங்கக் கூடாது. இல்லையென்றால், வருமானம் குறைவாக உள்ள 6 மாதங்களின் சராசரி, மற்ற 6 மாதங்களின் சராசரியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இரண்டில் ஒன்று பொருந்தினால் போதும்.

மைனர் லீக் சீசன் ஏப்ரல் வாக்கில் தொடங்கி செப்டம்பரில் முடியும். பொருந்துவது போலத்தான் தெரிகிறது. ஆனால் அலுவலகம் வருடம் முழுக்கத் திறந்திருக்கிறதே, டிசம்பரிலும் சீசன் டிக்கெட் விற்கிறார்களே?

1995-ல் இரண்டு மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் இந்தக் கேள்வியைச் சந்தித்தன. ஓவர்டைம் கேட்டுப் பராமரிப்பு ஊழியர்கள் போட்ட வழக்கில், எம்.எல்.பி. அணியான சின்சினாட்டி ரெட்ஸ் வருடம் முழுக்க இயங்கும் நிறுவனம், விலக்கு கிடையாது என்றது ஒரு நீதிமன்றம். அதே வருடம் ஃபுளோரிடாவின் சரசோட்டா ஒயிட் சாக்ஸ் என்ற மைனர் லீக் அணி மீது மைதானப் பராமரிப்பாளர் ஒருவர் போட்ட வழக்கில், அணிக்கு விலக்கு உண்டு என்றது இன்னொரு நீதிமன்றம். பெரிய அணியின் ஊழியர் ஜெயித்தார், சின்ன அணியின் ஊழியர் தோற்றார். மைனர் லீக் அணிகள் இன்றுவரை சாய்ந்துகொள்ளும் தூண் இந்த இரண்டாவது தீர்ப்பு.

எல்லா மாநிலத்திலும் இது செல்லாது. மாநிலச் சட்டம் தேசியச் சட்டத்தைவிடக் கடுமையாக இருந்தால் அதுதான் செல்லும். விலக்கு பொருந்தாத இடத்தில் தொழிலாளர் துறை தலையிட்டதும் உண்டு. 2013-ல் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அமைப்பு 74 ஊழியர்களுக்கு 5,44,715 டாலர் பாக்கி கொடுக்க வேண்டி வந்தது. அவர்களில் பலர் உடைமாற்றும் அறை உதவியாளர்கள். நாளுக்கு 55 டாலர் வாங்கிக்கொண்டு 12 முதல் 15 மணி நேரம் உழைத்தவர்கள்.

சம்பளமே இல்லாத இன்டர்ன்ஷிப்புக்குத் தனி விதி உண்டு. 'பிளாக் ஸ்வான்' படத் தயாரிப்பில் இலவசமாக வேலை பார்த்தவர்கள் தொடுத்த வழக்கில் 2015-ல் வந்த தீர்ப்பை ஒட்டி, 2018-ல் தொழிலாளர் துறை ஏற்ற அளவுகோல் அது. இந்த ஏற்பாட்டால் அதிக லாபம் யாருக்கு, இன்டர்னுக்கா நிறுவனத்துக்கா? படிப்போடு தொடர்பு இருக்கிறதா, பயிற்சி தருகிறார்களா, சம்பள ஊழியர் செய்ய வேண்டிய வேலையை இவரை வைத்து முடிக்கிறார்களா என்று பார்ப்பார்கள். வேர்க்கடலைத் தோல் கூட்டுவது எந்தப் பாடத்தில் வருகிறது என்று நீதிமன்றத்தில் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். ஆனால் கேட்க ஒருவர் வழக்கு போட வேண்டும்.

அப்புறம் ஏன் போகிறார்கள்?

கதைகள் அப்படி. பிரையன் கேஷ்மேன் 1986-ல் நியூயார்க் யாங்கீஸ் அணியில் இன்டர்ன். 1998-ல் அதே அணியின் ஜெனரல் மேனேஜர். தியோ எப்ஸ்டீன் கல்லூரியில் படிக்கும்போது பால்டிமோர் ஓரியோல்ஸில் கோடை இன்டர்ன். 28 வயதில் பாஸ்டன் ரெட் சாக்ஸின் ஜெனரல் மேனேஜர். 2004-ல் 86 வருட ஏக்கத்தைத் தீர்த்து உலகத் தொடர் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர். கிம் இங் 1990-ல் சிகாகோ ஒயிட் சாக்ஸில் இன்டர்ன். 2020-ல் மயாமி மார்லின்ஸ் அணியின் ஜெனரல் மேனேஜர், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்.

மூன்றும் நிஜம். ஆனால் மூன்றையும் கவனித்துப் பாருங்கள். மூவரும் இன்டர்ன் ஆனது எம்.எல்.பி. அணிகளில். வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிறுவனத்துக்குள்ளேயே ஏணி வைத்தவர்கள். மைனர் லீக் அணியின் இன்டர்னுக்கு இருப்பது வேறு ஏணி. அதன் அடுத்த படி, டிக்கெட் விற்பனைப் பிரதிநிதி. அதற்கடுத்து விற்பனை மேலாளர், கடைசியில் அந்த மைனர் லீக் அணியின் ஜெனரல் மேனேஜர். பெயர் ஒன்றுதான் என்றாலும் அந்த வேலையில் வீரர் தேர்வு கிடையாது. எத்தனை ஹாட் டாக் விற்றது, மழையால் எத்தனை ஆட்டம் போனது என்பதுதான் அவர் கவலை.

அது மோசமான வேலை என்று சொல்லவில்லை. நிகழ்ச்சி நடத்துவது, விற்பது, சமாளிப்பது எல்லாவற்றையும் ஒரே கோடையில் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடைப்பது கடினம். முழுநேர ஊழியர்கள் குறைவு என்பதால் 22 வயதுக்காரரிடம் பெரிய பொறுப்பு வந்து சேரும். பெரிய கார்ப்பரேட்டில் அதற்கு ஐந்து வருடம் ஆகும். அதைத் தெரிந்துகொண்டு போகிறவருக்கு நஷ்டமில்லை. 'மனிபால்' படம் பார்த்துவிட்டுப் போகிறவருக்குத்தான் முதல் வாரமே முகம் வாடிவிடும்.

ஆனாலும் வரிசை குறைவதில்லை. பல ஆண்டுகளாக டிசம்பரில் பேஸ்பால் குளிர்காலக் கூட்டங்கள் நடக்கும் ஹோட்டலிலேயே ஒரு வேலைவாய்ப்புச் சந்தையும் நடந்து வந்தது. கோட் சூட் போட்ட நூற்றுக்கணக்கான பட்டதாரிகள், பதிவுக் கட்டணம், விமான டிக்கெட், ஹோட்டல் எல்லாம் சொந்தச் செலவில் வந்து, பலகையில் ஒட்டும் வேலைப் பட்டியலைப் பார்த்து, ரெஸ்யூமே போட்டுவிட்டு, இன்டர்வியூவுக்குத் தங்கள் பெயர் வருகிறதா என்று காத்திருப்பார்கள். பல நாள் காத்திருந்து கிடைப்பது பெரும்பாலும் ஐந்து மாத இன்டர்ன்ஷிப். ஒரு இடத்துக்கு இத்தனை பேர் நிற்கும்போது கூலி ஏன் ஏறப்போகிறது?

வீரர்களால் முடிந்தது எப்படி?

வீரர்களின் நிலைமையும் இதைவிட மேலாக இருந்ததில்லை. 2018 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றம் 2,232 பக்க பட்ஜெட் மசோதா ஒன்றை அவசரமாக நிறைவேற்றியது. அதற்குள் 'சேவ் அமெரிக்காஸ் பாஸ்டைம்' என்ற பகுதி செருகப்பட்டிருந்தது. மைனர் லீக் வீரருக்கு வாரம் 40 மணி நேரத்துக்கான குறைந்தபட்ச ஊதியம் மட்டும் போதும், ஓவர்டைம் கிடையாது, சீசன் தொடங்கும் முன் நடக்கும் பயிற்சி முகாமுக்குச் சம்பளமே வேண்டாம் என்றது அது.

ஆனால் அதற்கு முன்பே, 2014-ல், பழைய மைனர் லீக் பந்துவீச்சாளரும் பிறகு வழக்கறிஞருமான கேரட் ப்ராஷஸ், வீரர்கள் சார்பாக ஊதிய வழக்கைத் தொடங்கியிருந்தார். எட்டு வருடம் இழுத்து 2022-ல் 18.5 கோடி டாலருக்கு எம்.எல்.பி. சமரசம் செய்தது. அதே 2022 ஆகஸ்ட் இறுதியில் எம்.எல்.பி. வீரர்கள் சங்கம் மைனர் லீக் வீரர்களுக்கு உறுப்பினர் அட்டை அனுப்பியது. செப்டம்பர் நடுவிலேயே சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது. இருபது நாள்கூட ஆகவில்லை.

2023 ஒப்பந்தத்தில் ட்ரிபிள்-ஏ வீரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 17,500 டாலரிலிருந்து 35,800 டாலருக்குப் போனது. சிங்கிள்-ஏ வீரருக்கு 11,000-லிருந்து 26,200. அதற்கு முந்தைய வருடமே தங்குமிடமும் அணியின் பொறுப்பாகியிருந்தது. பதிலுக்கு, ஒவ்வொரு எம்.எல்.பி. அணியும் வைத்துக்கொள்ளும் மைனர் லீக் வீரர்களின் உச்ச எண்ணிக்கை 180-லிருந்து 165 ஆகக் குறைந்தது. சம்பளம் ஏறியது, இடங்கள் குறைந்தன. (எம்.எல்.பி-யில் புதிதாக ஆட வரும் வீரருக்கு 2025-ல் குறைந்தபட்சச் சம்பளம் 7,60,000 டாலர். அதைப் பார்த்தால் இந்த உயர்வு ஒன்றுமே இல்லை என்பது வேறு விஷயம்.)

இன்டர்னுக்கு இதில் எதுவுமே பொருந்தவில்லை. வீரர்களுக்கு முதலாளிகள் 30 பேர், ஒரே மேசையில் உட்கார வைக்கலாம். இன்டர்ன்கள் வேலை பார்க்கும் உள்ளூர் நிறுவனங்கள் பல. வீரர் அடுத்த வருடமும் அங்கே இருப்பார். இன்டர்ன் செப்டம்பரில் பெட்டி கட்டிவிடுவார். வீரர்களுக்குப் பின்னால் பணபலமுள்ள ஒரு பெரிய சங்கம் நின்றது. இவர்களுக்குப் பின்னால் நிற்பது அடுத்த வருட விண்ணப்பதாரர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, புகார் கொடுத்தவரின் பெயர் இந்தச் சின்ன வட்டத்தில் ஒரே வாரத்தில் பரவிவிடும் என்ற பயம். சிபாரிசுக் கடிதம் ஒன்றுக்காகத்தானே இவ்வளவும்!

இந்த இடத்தில் என் கதையையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். மீடியா படிக்கும்போது நானும் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் பண்ணியிருக்கிறேன். எங்கே என்பது வேண்டாம். பஸ் செலவுக்கு அம்மாவிடம் வாங்கினேன். கடைசியில் கிடைத்த சர்டிஃபிகேட்டில் என் பெயரில் ஒரு எழுத்து தப்பு. திருத்திக் கேட்க அன்றைக்குத் தைரியம் வரவில்லை. அதனால் 'ஏன் புகார் கொடுக்கவில்லை' என்று அந்த இன்டர்னைக் கேட்க எனக்கு வாய் வராது.

அணிகள் என்ன சொல்கின்றன?

எங்களுக்கு வருமானமே ஐந்தாறு மாதம்தான், நாலு நாள் மழை பெய்தால் லாபம் போச்சு என்பது அணிகளின் வாதம். அதில் உண்மை இருக்கிறது. 2020-ல் கொரோனாவால் சீசன் முழுவதும் ரத்தானபோது டிக்கெட் வருமானமே இல்லாமல் பல அணிகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. அதையடுத்து எம்.எல்.பி. மைனர் லீக் நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்தது. 160 கிளை அணிகள் 120 ஆயின. தப்பித்த அணிகளுக்கு 10 வருட உரிமம் கிடைத்தது. கூடவே, விளக்கு, உடைமாற்றும் அறை, பயிற்சிக் கூடம் எல்லாவற்றையும் புதிய தரத்துக்கு மாற்ற வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. செலவு லட்சக்கணக்கான டாலரில். பல ஊர்களில் அதில் பெரும் பங்கை நகராட்சிதான் கொடுக்கிறது.

ஆனால் 'சின்ன குடும்ப வியாபாரம்' என்ற படம் வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது. டைமண்ட் பேஸ்பால் ஹோல்டிங்ஸ் என்ற நிறுவனம் 2021-ல் 10 அணிகளை வாங்கித் தொடங்கியது. இன்று அதன் கையில் 40-க்கும் மேற்பட்ட அணிகள். பின்னால் இருப்பது சில்வர் லேக் என்ற மாபெரும் முதலீட்டு நிறுவனம். ஆண்டுக்கு 3 கோடிக்கும் மேற்பட்டோர் பார்க்க வரும் தொழில் இது. திருவிழாக் கூடாரத்துக்காக எழுதிய விலக்கு இப்படி ஒரு முதலாளிக்கும் பொருந்த வேண்டுமா என்ற கேள்வி நியாயமானதுதான். பொருந்தக் கூடாது என்பது என் கருத்து.

யார் உள்ளே வர முடிகிறது?

பணம் வராத ஐந்து மாதத்தை யார் சமாளிக்க முடியும்? அப்பா அம்மா வாடகை கட்டுபவர், அதே ஊரில் வீடு உள்ளவர், கல்விக்கடன் இல்லாதவர். கடன் தவணை கட்ட வேண்டியவர் முதல் மாதமே கணக்குப் பார்த்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார். ஏணியின் முதல் படியிலேயே இந்த வடிகட்டல் நடந்துவிட்டால் மேல் படிகளில் யார் இருப்பார்கள் என்பதை ஊகிக்கலாம். எம்.எல்.பி-க்கும் இது தெரியும். நிர்வாகப் பதவிகளுக்குப் பெண்களும் சிறுபான்மையினரும் வர வேண்டும் என்று 2017-ல் அது அறிவித்த ஃபெல்லோஷிப்புக்குச் சம்பளம் உண்டு. ஆனால் இடங்கள் மிகக் குறைவு.

அமெரிக்காவில் ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் அல்லது அனலிட்டிக்ஸ் படிக்கப் போகும் நம் ஊர் மாணவர்களுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. எஃப்-1 விசாவில் இருப்பவர் படிக்கும்போதே இந்த வேலைக்குப் போக சி.பி.டி. அனுமதி வேண்டும். அதற்கு அந்த வேலை பாடத்திட்டத்தின் பகுதியாக இருக்க வேண்டும். படித்து முடித்த பிறகு ஓ.பி.டி. காலத்தில் 90 நாளுக்கு மேல் வேலை இல்லாமல் இருக்கக் கூடாது. அந்தக் கெடு நெருங்கும்போது வாரம் 20 மணி நேரத்துக்குக் குறையாத, சட்டத்துக்கு உட்பட்ட சம்பளமில்லா இன்டர்ன்ஷிப்பையும் கணக்கில் காட்டலாம் என்பதால் பலர் எதற்கும் தலையாட்டிவிடுகிறார்கள். ஆனால் ஸ்டெம் பிரிவினருக்கான கூடுதல் 24 மாத நீட்டிப்பில் சம்பளம் கட்டாயம். அங்கே இலவச வேலை செல்லாது.

ஆஃபர் வந்தால் கையெழுத்துப் போடும் முன் நேரடியாகக் கேளுங்கள். மணிக்கூலியா, ஸ்டைபண்டா? ஹோம்ஸ்டாண்ட் வாரத்தில் எத்தனை மணி நேரம்? தங்க இடம் தருவார்களா, இல்லை அறையைப் பகிர்ந்துகொள்ளும் இன்னொரு இன்டர்னை நாமே தேட வேண்டுமா? போன வருட இன்டர்ன்களில் எத்தனை பேரை முழுநேரமாக எடுத்தார்கள்? கடைசிக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் அணி என்றால் யோசிக்கலாம். 'இது ஒரு அனுபவம்' என்று மழுப்பினால், பேசுகிறவர் உங்களிடமும் குரூப் டிக்கெட் விற்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

வீரர்களின் ஒப்பந்தம் 2027 சீசன் வரை. அணிகளின் 10 வருட உரிமம் 2030 வரை. இரண்டையும் புதுப்பிக்கும் பேச்சுவார்த்தையில் தொலைக்காட்சி உரிமை, மைதானத் தரம், வீரர் எண்ணிக்கை எல்லாம் மேசைக்கு வரும். இன்டர்னுக்கு அங்கே நாற்காலி இல்லை. அடுத்த சீசனுக்கான இன்டர்ன் விளம்பரங்கள் வழக்கம்போல இலையுதிர் காலத்தில் வரத் தொடங்கிவிடும். தகுதிப் பட்டியலில் 'வார இறுதி, விடுமுறை நாள், இரவு நேர வேலைக்குத் தயார்' என்று இருக்கும். 'எடை தூக்க வேண்டியிருக்கும்' என்றும் போட்டிருந்தால், அதில் தார்பாயும் அடக்கம்.